பெட்டிக்குள் குறையும் காற்று

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவின் கடைசி வீடு. அதைத் தாண்டினால் ஒரு சுற்றுச்சுவர், சுவருக்கு அப்பால் யாரும் வாங்காத ஒரு காலிமனை, அவ்வளவுதான். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, கருவிப் பையைத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

ஓடும்போதே முன்னறை ஜன்னல் கண்ணில் பட்டது. உள்ளே கட்டிலில் ஒரு வயதான அம்மா தலையணைகளில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. ஐம்பது வயது ஆள் ஒருவன் நனைந்த கோழியாக ஓடி வருவதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குப் பின்னால் வரவேண்டிய யாரையோ பார்த்தார்.

கதவைத் திறந்தது மகள். முப்பது முப்பத்தைந்து இருக்கும். தூக்கம் போதாத கண்.

"வாங்கண்ணா. 'காது'ன்னு சொன்னாங்களே, அது நீங்கதானா?"

"நான்தான். ரெண்டும் இருக்கு, வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க."

அவள் சிரிக்க முயன்றாள். பழக்கம் விட்டுப்போனவர்கள் சிரிப்பது போல இருந்தது. 

கார்களில் ஸ்பீக்கரும், பேஸ் என்கிற அடித்தொனியை அதிரவைக்கும் சப்வூஃபரும் மாட்டுவது என் பிழைப்பு. மற்றவர்கள் மாட்டிக் கெடுத்ததைச் சரிபண்ணுவது அதைவிடப் பெரிய பிழைப்பு. "பேஸ் பத்தலை" என்று வருகிறவன் எல்லாம் பெரிய ஆம்ப்ளிஃபையர், எங்கள் பாஷையில் ஆம்ப், வேண்டும் என்பான். பத்தில் ஒன்பது பேருக்கு ஆம்ப் தேவையே இல்லை, பெட்டியைச் சரியாக மூடினாலே போதும். இதைச் சொன்னால் ஒருவனும் கேட்கமாட்டான். அதனால் நான் சொல்வதில்லை, மூடிக் காட்டிவிட்டுப் போய்விடுவேன். தொழிலில் என்னைக் காது என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் எப்படியும் கூப்பிடுவதில்லை. கூப்பிட அங்கே ஆள் வேண்டுமே.

"தம்பியோட கார்ண்ணா," என்றாள். "பெட்டியெல்லாம் அவனே செஞ்சது. முன்னாடி தெருமுனைல திரும்புறப்பவே எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். இப்ப ஒண்ணுமே இல்ல. ஒருத்தர் வந்து ஆம்பை மாத்திப் பாத்தார், அப்பவும் சரியாகல."

"தம்பி எங்க?"

"இல்லண்ணா. போயிட்டான். கொஞ்ச மாசம் ஆகுது."

பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

அவளே தொடர்ந்தாள். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மகன் வருவது கண்ணாடி அதிர்வதிலும் கட்டில் கம்பியிலும்தான் தெரியும். தெரிந்ததும் முகம் மலரும், அப்புறம்தான் சாப்பிடுவார், தூங்குவார். இப்போது ஞாபகமும் நிற்பதில்லை. மகன் போய்விட்டான் என்று எழுதிக் காட்டினார்கள், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் மறந்துபோகிறது.

"பொழுது சாய ஆரம்பிச்சா 'அவன் இன்னும் வரலையா'ன்னு கேப்பாங்க. நான் சொல்லணும். புதுசா கேக்குற மாதிரி அழுவாங்க. தெனமும் எங்க வீட்ல சாவுதாண்ணா. என்னால இனி ஒரு தடவைகூட சொல்ல முடியாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. கேட்காத அம்மாவுக்கு எதிரிலும் ரகசியமாகவே பேசிப் பழகியிருந்தாள்.

"அந்தச் சத்தம் மட்டும் திரும்ப வந்தா போதும். சாயங்காலம் நான் ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துடுவேன். அவன் வந்துட்டான்னு நெனச்சுட்டு அவங்க தூங்கட்டும்."

பொய்தான். ஆனால் இதைவிடக் கேவலமான காரணங்களுக்கெல்லாம் நான் பேஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். சரிம்மா என்றேன்.

வீட்டை ஒட்டியே ஷெட். அவள் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டாள். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்று உள்ளே போய்விட்டாள். அவள் அந்த ஷெட்டுக்குள் ஒரு காலைக்கூட வைக்கவில்லை என்பதை அப்புறம்தான் யோசித்தேன்.

பழைய காராக இருந்தாலும் துடைத்து வைத்த கார். ஆனால் என்னை நிறுத்தியது ஷெட். நான்கு சுவரிலும் கனமான ஃபோம். கூரையிலும் ஃபோம். ஷட்டரின் விளிம்பு முழுக்க, தரை தொடுகிற இடம் உட்பட, ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. ஓர் ஊசி போக இடமில்லை. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமல் உள்ளேயே சத்தம் வைத்துப் பார்க்க இப்படிச் செய்திருக்கிறான். என் சொந்தப் பட்டறையில்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. கைவேலை தெரிந்த பையன். உயிரோடு இருந்திருந்தால் வேலைக்கு வா என்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன், எனக்கும் பேச்சுத்துணை ஆகியிருக்கும்.

பசை வாடை, ரப்பர் வாடை. அவற்றுக்கு அடியில் ஆறிப்போன புகை வாடை ஒன்றும் இருந்தது.

டிக்கியைத் திறந்தேன். டிக்கி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி. இரண்டு பெரிய வூஃபர்கள் அருகருகே. ஓரத்தில் என் கை முழங்கை வரை நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் துளை. பாட்டைப் போட்டேன். மேளம் விழவேண்டிய இடத்தில் யாரோ பக்கத்து வீட்டில் தலையணையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

முதலில் எல்லாரும் செய்கிற தப்பைத் தேடினேன். இரண்டு வூஃபரில் ஒன்றின் ஒயரைத் தலைகீழாக மாட்டிவிடுவார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், மொத்தத்தில் சைபர். சின்ன பேட்டரியை ஒயரில் தொட்டுப் பார்த்தேன். இரண்டு வூஃபரின் காகிதக் கூம்பும் ஒன்றாக முன்னால் குதித்தன. சரியாகத்தான் இருந்தது. அடுத்து கசிவு. மெல்லிய காகிதத்தைப் பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் பிடித்துப் பார்த்தேன். காகிதம் அசையவில்லை. ஆம்பும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

மிச்சம் இருந்தது பெட்டியின் சுருதி.

வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று கேட்கும். பாதி தண்ணீர் ஊற்றி ஊதினால் சத்தம் மெலிந்து மேலே போய்விடும். உள்ளே காற்று எவ்வளவோ அதற்கேற்ற சுருதி. வூஃபர் பெட்டியும் அப்படித்தான். அந்தப் பையன் அளவெடுத்துச் செய்த பெட்டிக்கு அடிவயிற்றில் உறுமுகிற சுருதி வரவேண்டும். எனக்குக் கிடைத்தது பாதி தண்ணீர் ஊற்றிய பாட்டில்.

டேப்பைப் போட்டு வெளியளவு எடுத்தேன். கணக்குப் பார்த்தேன். பெட்டி பெரியது. காற்று குறைவு. நடுவில் ஏறக்குறைய அறுபது லிட்டர் காணோம்.

உள்ளே எதையோ வைத்து மறந்திருக்கிறான் என்று நினைத்தேன். திருகுகளைக் கழற்றி வூஃபர்களை வெளியே எடுத்து, டார்ச் அடித்துத் தலையை விட்டுப் பார்த்தேன். சுத்தமான பலகை. மூலைகளில் பசை தடவிய விரல் தடம். ஒரு தூசிகூட இல்லை. கையைப் போட்டுத் துழாவியும் பார்த்தேன், காலிதான்.

திரும்ப மூடினேன். சுருதி பார்த்தேன்.

அறுபது லிட்டர் காணோம்.

மறுபடி திறந்தேன். காலி. மறுபடி மூடினேன். இந்த முறை கடைசித் திருகை முறுக்கும்போது, பெட்டி என் முழங்காலில் லேசாக முட்டியது போல இருந்தது. நான்தான் அசைத்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். தனியாக வேலை செய்கிறவனுக்குச் சமாதானம் சொல்லவும் அவனே ஆகவேண்டியிருக்கிறது.

வூஃபரின் கம்பிச் சுருளில் கோளாறு இருக்குமோ என்று பார்க்க, ஆம்பின் ஒயர்களைக் கழற்றிவிட்டு என் முள் மீட்டரை மாட்டினேன். பழைய மீட்டர், சும்மா இருந்தால் முள் நடுவில் நிற்கும். எல்லாரும் எண் காட்டுகிற மீட்டருக்கு மாறிவிட்டார்கள், எனக்கு முள் ஆடுவதைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் கொடுத்தால் கூம்பு அசையும். கூம்பை யாராவது அசைத்தால் மின்சாரம் வரும். காரின் கதவை அறைந்து சாத்தினால்கூட உள்ளே காற்று அழுந்தி முள் ஒருமுறை துள்ளும்.

நான் கதவைச் சாத்தவில்லை. முள் அசைந்தது.

வலது பக்கம் மெதுவாகப் போனது. நின்றது. இடது பக்கம் வந்தது. நின்றது. மறுபடி வலது.

வெளியே காற்றடிக்கிறது, அதுதான் கூம்பைத் தள்ளுகிறது என்று நினைத்தேன். போய் ஷட்டரை முழுக்க இறக்கினேன். ரப்பர் தரையில் அமர்ந்ததும் மழைச் சத்தம் சட்டென்று அறுந்துபோனது. அவ்வளவு அமைதி என் காதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் ரத்தம் ஓடுவதே கேட்டது. கார்க் கதவுகளையும் சாத்தினேன். டிக்கியருகே வந்து குனிந்தேன்.

முள் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வலது. இடது.

விரலைக் கூம்பின் மேல் வைத்தேன். அது உள்ளே போய் வெளியே வந்தது. தூங்குகிறவனின் நெஞ்சில் கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். ஓடியிருக்கவேண்டும். ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்காமல் எழுந்துபோக இந்தத் தொழிலில் யாருக்கும் மனசு வராது. காற்று போகிற வழி ஒன்றுதான், அந்தத் துளை. அதை அடைத்துவிட்டால் கூம்பு தானாக அசையக் காரணமே இல்லை. துளையை அடைத்துச் சோதிப்பது எங்கள் வழக்கமும்கூட. கை துடைக்கிற துணியைச் சுருட்டி அதற்குள் திணித்தேன்.

முள் நின்றது.

நானும் மூச்சு விட்டேன்.

அப்புறம் முள் வலது ஓரத்துக்கு அடித்தது.

இரண்டு கூம்பும் வெளியே புடைத்தன. உள்ளே வாங்கின. மறுபடி புடைத்தன. வேகம் கூடியது. முள் இரண்டு ஓரத்திலும் மாறி மாறி மோதியது. பெட்டிக்குள்ளிருந்து பலகையில் சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தம் இல்லை. நகத்தால் பிராண்டுகிற சத்தம். காரே மெல்லக் குலுங்கியது. புகை வாடை திடீரென்று என் தொண்டை வரை வந்தது.

பிறகு வேகம் குறைந்தது.

குறைந்தது.

முள் நடுவில் வந்து நின்றது.

நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஷட்டரில் முதுகு முட்டி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. வெளியிலிருந்து ஷட்டரைத் தூக்கியதும் அலறியேவிட்டேன். மழைச் சத்தம் மேலே வந்து விழுந்தது. மகள் தேநீரோடு நின்றாள்.

"ஏண்ணா மூடிட்டு உக்காந்திருக்கீங்க?" அவள் முகம் வெளுத்திருந்தது. "தயவுசெஞ்சு இதை மூடாதீங்க."

"ஏன்?"

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். ஷட்டருக்கு வெளியே நின்றபடியே சொன்னாள்.

"அவன் இங்கதான் போனான். ராத்திரி பூராவும் பாட்டு வெச்சுப் பாப்பான். ஆம்ப் பேட்டரிய உறிஞ்சிடும்னு எஞ்சினை ஓட விட்டுடுவான். சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு எல்லாத்தையும் அடைச்சிருந்தானே. புகையும் போகல. காலைல பாத்தப்ப வண்டி ஓடிட்டே இருந்துச்சு. பின்னாடி, அந்தப் பெட்டிமேல தலைய வெச்சுப் படுத்திருந்தான். தூங்குறான்னுதான் நெனச்சேன். நான் ஒருத்தியே தூக்கி வெளிய கொண்டு வந்தேன். என்ன கனம் இருப்பான், அறுபது கிலோகூட இருக்கமாட்டான்."

அறுபது கிலோ உடம்பு அறுபது லிட்டர் இடத்தை அடைக்கும். தண்ணீர்த் தொட்டியில் இறங்கிப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஓட்டை இருந்தால் பேஸ் போய்விடும் என்று வாழ்நாள் முழுக்க ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பையன் அடைத்தது கடைசி ஓட்டை. அவன் மூச்சுக்கு மிஞ்சியிருந்த ஒரே துளையில் நான் சற்றுமுன் துணியைத் திணித்திருந்தேன்.

எனக்கு அப்போது பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. எழுந்துபோய்த் துணியைப் பிடித்து இழுத்தேன். அது சுலபமாக வரவில்லை. உள்ளேயிருந்து பிடித்திருந்தது போல இருந்தது. வந்ததும் துளையிலிருந்து காற்று வெளியேறியது. நீளமாக, குளிர்ச்சியாக, முடிவே இல்லாமல். என் கழுத்தைத் தடவிக்கொண்டு, ஷட்டருக்கு அடியில், அவளைக் கடந்து போனது. அவளுடைய நெற்றி முடி பறந்தது.

"மழைக்காத்து," என்றாள்.

ஒயர்களை மாட்டிச் சுருதி பார்த்தேன். அடிவயிற்றில் உறுமியது. அறுபது லிட்டரும் திரும்பி வந்திருந்தது.

முதல் வேலையாக ஷட்டரின் ரப்பர் பட்டைகளை உரித்தேன். கத்தியை விட்டு, பசையோடு, ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் உரித்துச் சுருட்டி என் வேனின் பின்பக்கம் எறிந்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கிளம்பிவிடலாம் என்றுதான் பையை எடுத்தேன். அதற்குள் முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. காது கேட்காதவர்களின் உரத்த, ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"அவன் இன்னும் வரலையா?"

மகள் என்னைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவைண்ணா. நான் ஓட்டிட்டு வர்றேன். கண்ணாடி அதிருதான்னு நீங்க உள்ள நின்னு பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பார்வைக்கு முடியாது என்று சொல்லக் கல்நெஞ்சு வேண்டும். காரை நானே ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் நின்று கண்ணாடியில் விரல் நுனியை வைத்துக்கொண்டேன். அறையில் மருந்து வாடையும் துவைத்த போர்வை வாடையும் இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் மகளின் சால்வை. அவளுடைய உலகம் அந்த நாற்காலி அளவுதான் என்று தோன்றியது. என் வீட்டில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது, அதனால் எனக்குப் புரிந்தது.

கார் தெருமுனையில் திரும்பியது. முதலில் என் உள்ளங்காலில் தெரிந்தது, பிறகு கண்ணாடியில். சின்னதாகத் தொடங்கி, சட்டம் முழுக்க நடுங்கியது. மேசையில் இருந்த டம்ளரில் தண்ணீர் வட்டம் போட்டது. நல்ல பேஸ். என் கைக்கு வந்ததிலேயே நல்ல பேஸ் அதுதான் என்று சத்தியம் செய்வேன்.

அம்மாவின் கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்தது. முகம் மலர்ந்தது. பல்லில்லாத வாயில் அப்படி ஒரு சிரிப்பு.

கார் வாசலில் வந்து நின்றது. அவள் பாட்டை நிறுத்தினாள். எஞ்சினையும் நிறுத்தினாள்.

கண்ணாடி நிற்கவில்லை.

என் விரலுக்கு அடியில் அது மெல்ல வெளியே தள்ளியது. உள்ளே வாங்கியது. வெளியே தள்ளியது.

அம்மா தெருவைப் பார்க்கவில்லை இப்போது. கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார்.

"ஏன்டா இப்படி மூச்சு வாங்குது? ஓடியா வந்த?" காலை மடக்கி இடம் விட்டார். "உக்காரு. முதல்ல உக்காரு."

மெத்தையின் ஓரம் தாழ்ந்தது.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மகள் சாவியோடு ஓடி வந்தாள், கண்ணெல்லாம் ஈரம். "சிரிக்கிறாங்கல்ல? பாத்தேன், வெளிய இருந்தே பாத்தேன்." ஆமாம்மா, சிரிக்கிறாங்க என்று மட்டும் சொன்னேன். வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். சொல்லாமல் வந்தது சரியா தப்பா என்று வழி நெடுக வாதாடிப் பார்த்தேன். தீர்ப்புச் சொல்ல வேனில் வேறு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு என் பட்டறையில் இருந்த வூஃபர்களில் எல்லாம் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். எதிலும் முள் அசையவில்லை. நிம்மதியாக இருந்தது. அதற்குக் கீழே, சொன்னால் பைத்தியம் என்பீர்கள், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

சில வாரம் கழித்து, மறுபடி மழை பெய்த ஒரு சாயங்காலம், அவள் போன் செய்தாள்.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

"நல்லா சாப்பிடுறாங்க. நல்லா தூங்குறாங்க. அவன் வரலையான்னு கேக்குறதே இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப என்னைத்தான் கேக்குறாங்கண்ணா."

"புரியலையே."

"பக்கத்துல நாற்காலியிலதான் உக்காந்திருப்பேன். என்னைத் தாண்டிக் கால்மாட்டைப் பாத்து, 'உன் அக்கா இன்னும் வரலையேடா'ங்கறாங்க. கையப் பிடிச்சா உதறிடுறாங்க. பகல் பூரா அந்தப் பக்கமே பேச்சு, சிரிப்பு. எனக்கு அந்த வீட்ல இடமே இல்லாத மாதிரி இருக்கு."

கால்மாட்டில் இருப்பது யார் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அதான் ஷெட்டுக்குள்ள வண்டில வந்து உக்காந்துக்கறேன். பேஸை வெச்சா கண்ணாடி அதிரும்ல, நான் வந்துட்டேன்னு தெரியட்டும். இங்க இருந்தா தனியா இருக்குற மாதிரியும் இல்ல." அவள் குரல் குழறியது, தூக்கத்தில் பேசுவது போல. "ஆமா, அந்த ரப்பரை ஏன் திரும்ப வந்து ஒட்டினீங்க? நல்லதாப் போச்சு, மழைத்தண்ணி உள்ள வரல."

"எந்த ரப்பர்?"

"ஷட்டர் ரப்பர்தான்."

போனைக் காதில் வைத்தபடியே மழையில் வேனுக்கு ஓடினேன். பின்கதவைத் திறந்தேன். ஒயர்கள், பலகைத் துண்டுகள், என் மீட்டர். ரப்பர் கிடந்த மூலையில் பசை ஒட்டிய தூசி மட்டும் இருந்தது.

அப்போதுதான் அவள் குரலுக்குப் பின்னால் இருந்த சத்தம் காதில் ஏறியது. அடங்கிய, ஒரே சீரான உறுமல்.

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடாம? ஆம்ப் பேட்டரிய உறிஞ்சிடும்ல."

"ஷட்டர் மூடியிருக்கா?"

"மழை பெய்யுதேண்ணா." அன்றைக்கு இதை மூடாதீங்க என்று என்னிடம் கெஞ்சியவளின் பேச்சு இல்லை அது.

"எஞ்சினை நிறுத்துங்க. எந்திரிச்சுப் போய் ஷட்டரைத் தூக்குங்க."

"லேசா தலை வலிக்குது. கொஞ்சம் படுத்துட்டு—"

"இப்பவே எந்திரி" என்று கத்தினேன். பிறகு என்ன சொன்னேன் என்று தெரியாது. வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டினேன். யாரையும் அப்படித் திட்டியதில்லை, திட்டுவதற்கு எனக்கு யாரும் இருந்ததில்லை. கதவு திறக்கிற சத்தம். ஏதோ விழுந்தது. அவள் விழுந்தாளோ என்று என் உயிர் போய்விட்டது. பிறகு இரும்பு கிறீச்சிட்டது. ஒருமுறை பாதியில் நின்றது, யாரோ கீழே பிடித்து இழுப்பது போல. மறுபடி கிறீச்சிட்டது.

பிறகு போனுக்குள் மழை கேட்டது.

நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. பெரிய பெரிய மூச்சு. இரைக்கட்டும் என்று விட்டேன். அதைவிட நல்ல சத்தத்தை என் காது கேட்டதே இல்லை என்று நினைத்தேன்.

"நல்லா இழுத்து விடுங்கம்மா. தெருவுலயே நில்லுங்க. உள்ள போகாதீங்க."

"இப்ப பரவால்லண்ணா," என்றாள். குரல் தெளிந்திருந்தது. "அண்ணா, அம்மா ஜன்னல்ல இருந்து என்னைப் பாக்குறாங்க. கை காட்டுறாங்க. என்னை அடையாளம் தெரியுது."

அவள் அழுதாள். நானும் அழுதேன்.

"இந்த வண்டி வேண்டாம்ண்ணா. நாளைக்கே தள்ளி விட்டுடறேன். அம்மாவ வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"போயிடுங்கம்மா. நானே வந்து சாமான் தூக்கிக் கொடுக்குறேன்."

அவள் பேசிக்கொண்டே போனாள். எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், அம்மாவை யார் தூக்குவது, நிதானமாக, ஒவ்வொன்றாக. நான் ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன். கொட்டுவதைப் பாதியில் நிறுத்தினேன்.

அவள் பேசும்போதும் அந்த மூச்சு இரைத்துக்கொண்டேதான் இருந்தது.